முருகனுக்கென்று சொன்ன அரிசி

என் பீரோவின் அடித்தட்டில், கட்டாத புடவைகளுக்கு நடுவில், ஒரு மஞ்சள் துணி கிடக்கிறது. கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. மஞ்சள் என்று நான் சொல்கிறேனே தவிர, இப்போது அது பழுப்பா வெள்ளையா என்று பார்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். கயிறு இறுக்கிய தழும்பு மட்டும் வட்டமாக அப்படியே இருக்கிறது. என் மருமகள் பீரோவைச் சுத்தம் செய்கிறேன் என்று அதைத் தூக்கிக் கரித்துணியோடு போட்டுவிட்டாள். நான் சத்தம் போட்டு வாங்கிக்கொண்டேன். "அப்படி என்ன துணி அத்தை இது?" என்றாள். பானை வாய் கட்டிய துணி என்றேன். "எந்தப் பானை?" என்று கேட்டுவிட்டு அவள் நிற்கிறாள், நான் என்ன சொல்வது என்று தெரியாமல் முழிக்கிறேன். அது சாமி பானையா, சாப்பாட்டுப் பானையா என்று அந்தக் காலத்திலேயே எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெளிவாகத் தெரியாது. இத்தனை வருடம் கழித்து எனக்கு மட்டும் எங்கிருந்து தெளிவு வரும்?

அந்தத் துணியைக் கட்டியவள் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் கல்யாணமாகி வந்தபோது எங்கள் வீடு மதுரையில் காளவாசலுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. இப்போது போய்ப் பார்த்தால் கடையும் வண்டியுமாக மூச்சு முட்டுகிறது. அப்போது சுண்ணாம்புக் காளவாசல் புகையும், அதற்கப்பால் சோளக்காடும்தான். வாசலில் நின்றால் திருப்பரங்குன்றத்து மலை தெரியும். என் மாமியார் காலையில் முகம் கழுவியதும் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுவேலை. வீட்டில் நாங்கள் நான்கு பெரியவர்கள்: மாமியார், அக்கா, மில்லில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், நான். அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை, பேச்சு திருந்தாத வயது. மூத்தார், அக்காவின் கணவர், பர்மாவில், ரங்கூனில், அரிசிக் கிடங்கு ஒன்றில் வேலையாக இருந்தார். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. என் கல்யாணத்துக்கு அவரிடமிருந்து ஒரு புடவைதான் வந்தது.

யுத்தம் வந்தது. வந்தது என்றால் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள். எல்லாரும் வருகிறது வருகிறது என்றார்கள், அவ்வளவுதான். ரங்கூனில் குண்டு விழுந்தது என்று பேப்பர் படித்தவர்கள் வந்து சொன்னார்கள். அதோடு மூத்தாரிடமிருந்து கடிதம் நின்றது. அதே கையோடு பர்மா அரிசியும் நின்றது. மதுரையில் எங்களைப் போன்றவர்கள் உலையில் போட்டதெல்லாம் அந்த அரிசிதான். ஆளும் வரவில்லை, அரிசியும் வரவில்லை. மாமியார் இரண்டையும் சேர்த்தே கேட்பார். கடைக்குப் போய் வந்த என் வீட்டுக்காரரிடம், "ரங்கூன்ல இருந்து ஏதாச்சும் வந்துச்சாடா?" என்பார். அவர் கேட்பது மகனையா மூட்டையையா என்று தெரியாமல் இவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

அப்புறம் ஊர் முழுக்க ஏற்பாடு. சும்மா சொல்லக் கூடாது, ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர, கையில் பட்டை கட்டிக்கொண்டு சர்க்கார் ஆள் ஒருத்தர் தெருவுக்கு வந்தார், வார்டன் என்பார்கள். குண்டு போட்டால் குழிக்குள் இறங்க வேண்டும், ஆகவே குழி வெட்டுங்கள் என்றார். தெருமுனையில் வெட்டினார்கள். பெய்த முதல் மழைக்கே அது நிரம்பிவிட்டது. குண்டுக்குத் தப்பி அதில் இறங்குகிறவன் நீச்சல் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தார். தீப்பிடித்தால் அணைக்க வீட்டு வாசலில் மண் வாளி வையுங்கள் என்றார் வார்டன். வைத்தோம். தெருப் பூனைகள் எல்லாம் அதைத் தங்களுக்கென்று வைத்ததாக எடுத்துக்கொண்டன. விளக்குக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள் என்றார். விளக்கு எரிய மண்ணெண்ணெயே கிடைக்கவில்லை, அதனால் அந்தக் கட்டளையை மட்டும் நாங்கள் அப்பழுக்கில்லாமல் நிறைவேற்றினோம்.

சங்கு விஷயம்தான் பெரிய கூத்து. மில்லில் வேலை மாறும் நேரத்துக்குச் சங்கு ஊதும். ஊரே அதை வைத்துத்தான் உலை வைக்கும், குளிக்கும், மாட்டைப் பிடித்துக் கட்டும். இப்போது விமானம் வந்தாலும் சங்கு ஊதும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஒன்று ஏறி இறங்கும், இன்னொன்று நேராகப் போகும் என்று வார்டன் வாயாலேயே ஊதிக் காட்டினார். எது ஏறும், எது நேராகப் போகும் என்று அவர் போன பிறகு ஒருத்தருக்கும் நினைவில்லை. மில் சங்கு ஊதினால் மாமியார் குழந்தையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். ஒத்திகைச் சங்கு ஊதினால் என் வீட்டுக்காரர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். வார்டன் அவரை வழியில் மறித்து, "குண்டு விழுற நேரத்துல எங்கய்யா போற?" என்று கேட்க, இவர், "லேட்டானா மேஸ்திரி விடமாட்டாருண்ணே" என்றாராம்.

ஆபத்து வந்தால் திருவாதவூருக்குப் போய்விடுவது என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார். அங்கே மாமியாரின் தங்கை, நாங்கள் சின்ன அத்தை என்போம், கொஞ்சம் நிலத்தோடு இருந்தார். துணிமணியை மூட்டை கட்டி மூலையில் வைத்தோம். இரண்டு செம்பு, ஒரு சட்டி, குழந்தைக்குப் போர்வை. ஒருநாள் காலை வாசலில் வண்டி வந்து நின்றது. சின்ன அத்தை தன் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் இறங்கினார். "அக்கா, ஊருல என்னென்னமோ சொல்றாக. கண்மாய்க் கரையில குண்டு போட்டா ஊரே மெதக்கும்ங்கிறாக. டவுன்னா போலீஸு இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. அதான் இங்கிட்டே வந்துட்டோம்" என்றார் மாமியாரிடம். மாமியார் எங்கள் மூட்டையைப் பார்த்தார், அவர்கள் மூட்டையைப் பார்த்தார். "நாங்க அங்கிட்டு வர்றதா இருந்தோமேடி" என்றார். யார் யாரிடம் ஓடுவது என்று தெரியாமல் இரண்டு குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்து, இருந்த அரிசியைத் தின்றுவிட்டு, குண்டு எதுவும் வராததால் அவர்கள் வண்டி ஏறிப் போனார்கள்.

அவர்களை வழியனுப்பிவிட்டு உள்ளே வந்த அக்கா, காலிச் சட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். "குழி வெட்டுனாக, வாளி வச்சாக, மூட்டை கட்டுனாக. குண்டு வருதோ வரலையோ, மத்தியானம் பசி வருமா வராதா? அதுக்கு யாரு ஏற்பாடு பண்ணுனா?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், நான் ஏதோ வைஸ்ராய் மாதிரி.

அன்றிலிருந்து அவள் பிடி அரிசி எடுத்து வைக்க ஆரம்பித்தாள். உலைக்கு அரிசி அளந்த பிறகு, அளந்ததிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனியாகப் போட்டுவிடுவது. கோயிலுக்கென்று அப்படி எடுத்து வைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்து வீடுகளில் உண்டு. அக்கா வீட்டுக்கென்று எடுத்தாள். அரிசி கிடைக்கிற நாளில்தான் பிடி, கம்பும் சோளமும் தின்கிற நாளில் ஒன்றும் கிடையாது. ஒரு பிடி குறைந்தால் சோற்றில் தெரியாது என்பாள். தெரிந்தது. சாப்பிட்டு எழுந்தால் இலையில் ஏதோ மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

சேர்ப்பதும் ஒரு பாடு, காப்பதும் ஒரு பாடு. எங்கள் மாமியாரின் கை பெரிய கை. பட்டணத்திலிருந்து பயந்து ஓடி வந்தவர்கள், வேலை போனவர்கள், சும்மா பிச்சைக்கு வந்தவர்கள், யார் வாசலில் நின்றாலும் உள்ளே போய் அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். அக்கா தகர டப்பாவில் சேர்த்தாள், போயிற்று. உறிப்பானைக்குள் ஒளித்தாள், அதையும் மாமியார் கண்டுபிடித்துவிட்டார். "பசின்னு வந்து நிக்கிறவனை எப்படித்தா அனுப்புறது?" என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? திட்டவும் முடியாது, விடவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்களும் உரிமையாக வந்து ஒரு உழக்கு கைமாற்று வாங்கிப் போவார்கள். அவர்களுக்கும் திருப்பித் தர வழியில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா தலைக்குக் குளித்தாள். புதுப்பானை ஒன்றைக் கழுவி, மஞ்சளும் குங்குமமும் இட்டு, அடியில் காய்ந்த வேப்பிலையும் மிளகாய் வற்றலும் போட்டு, இருந்த அரிசியைக் கொட்டினாள். பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து மஞ்சளில் முக்கி, காயவைத்து, அதைப் பானை வாயில் கட்டினாள். சாமி படத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இது முருகனுக்கு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் ஆட்டுக்கல்லில் நானும் அவளும் மாவாட்டிக்கொண்டிருந்தபோது, எதற்கு முருகன் பேரைச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் கையை எடுக்காமல் சொன்னாள், எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "சாமிக்குன்னு சொன்னாத்தான்டி மனுசன் கை வைக்க மாட்டான். நமக்குக் கஷ்டம்னு வந்தா எடுத்துக்கிருவோம். முருகன் என்ன, கணக்கா கேக்கப் போறாரு?" நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். மாவில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அப்புறம் அவளே என்னைத் திட்டினாள். இவ்வளவு விவரமாக எனக்கு நினைவிருக்கிறது, ஆகவே அவள் அப்படிச் சொன்னது நிஜம்தான் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்தது அப்படி.

மாமியாரின் காதில் அது வேறு மாதிரி விழுந்திருந்தது. மருமகள் தன் புருஷன் திரும்பி வருவதற்கு நேர்ந்துகொண்டாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று அவரே திருப்பரங்குன்றத்துக்கு நடந்துபோய், சன்னதியில் நின்று, மகன் வந்து வாசல் மிதித்த அன்றைக்கு அந்தப் பானை அரிசியில் பொங்கல் வைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து எங்களிடம் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பல மாதங்களாக அவரைத் தூங்கவிடாத ஒன்றை யாரோ கையிலிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள். "நல்லதுத்தே" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பானையை யாரும் தொடவில்லை. அக்கா நினைத்தது அப்படியே பலித்தது. பக்கத்து வீட்டார் கேட்பதை நிறுத்தினார்கள், மாமியாரே பிச்சைக்காரனிடம் "சாமி அரிசிதான்யா இருக்கு" என்றார். அக்கா மட்டும் காலையில் குளித்துவிட்டு வந்து துணியை அவிழ்த்து ஒரு பிடி போட்டுத் திரும்பக் கட்டுவாள். முதலில் அவசரமாகக் கட்டுவாள். போகப் போக, பானை முன்னால் நிற்பது நீண்டது. உதடு அசையும். ஒருநாள் நான் குளிக்காமல் அதன் பக்கத்தில் துடைப்பம் போட்டுவிட்டேன் என்று கையைத் தட்டிவிட்டாள். "சாமி பான தெரியலையா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நம் இரண்டு பேருக்கும் தெரிந்த சங்கதிதானே அக்கா என்று கேட்க வாய் வரவில்லை. அவள் எப்போது மாறினாள், மாறினாளா, அல்லது ஆரம்பத்திலிருந்தே உள்ளுக்குள் அப்படித்தான் கட்டினாளா? என்னிடம் சொன்னதுதான் பொய்யா?

ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் பிடித்தது. மில்லில் வேலையைப் பாதியாக்கி, பிறகு கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். கண்ட்ரோல் கடையில், அதாவது சர்க்கார் அளந்து கொடுக்கிற ரேஷன் கடையில், அரிசி கிடையாது, சோளம்தான். அதுவும் ஊறிப்போன வாடை. அந்த நேரம் பார்த்துக் குழந்தைக்குக் கழிச்சலும் காய்ச்சலும் கண்டது. கண் உள்ளே போய்விட்டது. சோளக் கூழ் கொடுத்தால் கொடுத்த வேகத்தில் வெளியே வந்தது. கேழ்வரகும் நிற்கவில்லை. வைத்தியர் வந்து நாடி பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, "நல்ல அரிசிக் கஞ்சித் தண்ணி குடுங்கம்மா, உப்புப் போட்டு. வேற எதுவும் இந்த வயித்துல நிக்காது. தாமசம் பண்ணாதீக" என்றார். போகும்போது காசு வாங்கிக்கொள்ளவில்லை. பிழைக்காது என்று நினைத்துவிட்டாரோ என்று அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தோன்றியது.

என் வீட்டுக்காரர் திருவாதவூருக்குப் போய்ச் சின்ன அத்தையிடம் அரிசி வாங்கி வருகிறேன் என்று மழையிலேயே கிளம்பிப் போனார். வழியில் ஓடைகள் எல்லாம் பெருகிக் கிடக்கின்றன என்றார்கள். அன்று திரும்பவில்லை, மறுநாளும் திரும்பவில்லை. அக்கா தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். தன்னிடம் வாங்கிப் போனவர்களிடமும் கேட்டாள். இருந்தால்தானே கொடுப்பார்கள். ஒரு வீட்டில் அழுதுகொண்டே கொஞ்சம் கேழ்வரகு மாவு கொடுத்தார்கள். நனைந்துபோய்த் திரும்பி வந்து, குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது அழக்கூட இல்லை. அழுதிருந்தால் எங்களுக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

நான்தான் பானையைப் பார்த்தேன். பார்த்ததை மாமியார் பார்த்துவிட்டார். எழுந்து போய்ப் பானைக்கு முன்னால் நின்றுகொண்டார். "ஆத்தா, அது எம் மகன் உசுரு. அதுல கை வச்சா அவன் அங்கிட்டே போயிருவான். வேற எதுன்னாலும் கேளுங்க. என்னைய வேணா வித்துருங்க" என்றார். சொல்லிக்கொண்டே குழந்தையைப் பார்க்கிறார், பானையைப் பார்க்கிறார், திரும்பக் குழந்தையைப் பார்க்கிறார். அவர் கல்மனசுக்காரர் இல்லை. அந்தக் குழந்தை அப்பத்தா என்று கூப்பிட்டால் கையில் இருக்கிற வேலையைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறவர். அன்றைக்கு அவர் எந்தப் பக்கம் போவார் பாவம்?

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீங்கதான அன்னைக்கு ஆட்டுக்கல்லுல சொன்னீக? சும்மா சாமி பேரைச் சொன்னதுன்னு? அத்தேகிட்டச் சொல்லுங்கக்கா" என்றேன். மாமியார் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல? "நானா? எப்பச் சொன்னேன்?" என்றாள். பொய் சொல்கிறவளின் முகம் இல்லை அது. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள். நான்தான் கனவு கண்டேனோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. இன்றைக்கும் சில நாள் தோன்றும்.

அவள் எழுந்தாள். கிணற்றடிக்குப் போய் அந்த மழையிலேயே இரண்டு வாளி தலையில் ஊற்றிக்கொண்டு வந்தாள். ஈரப்புடவையோடு பானைக்கு நேராக வந்து நின்று, மாமியாரிடம் சொன்னாள்: "அத்தே, பொங்கல் வச்சிருவோம்."

மாமியாருக்கு விளங்கவில்லை. "அவன் வந்தாத்தானத்தா பொங்கல்?"

"வந்துட்டாகன்னு வச்சுப் பொங்கிருவோம். நம்ம செய்ய வேண்டியத நம்ம மொதல்லயே செஞ்சிருவோம். அவரு செய்ய வேண்டியத அவரு பெறகு செய்யட்டும். முருகனுக்கும் ஒரு வாக்கு இருக்குல்ல?"

"அப்படி யாரும் செஞ்சு பாத்ததில்லயேத்தா..."

"நாளைக்கு அவுக வந்து இந்த வாசல்ல நிப்பாக அத்தே. நின்னு, 'எம் மக எங்க'ன்னு கேப்பாக. அப்ப நான் எதைக் காட்டுவேன்? இந்தப் பானையையா காட்டுவேன்?"

மாமியார் பானையை விட்டு நகர்ந்தார். அக்கா துணியை அவிழ்த்தாள். உள்ளே அரிசி மக்கிய வாடை அடித்தது, வண்டு ஓடியது. நான் முறத்தில் புடைத்தேன். அது புழுங்கலரிசி என்பது அப்போதுதான் மாமியாருக்கு நினைவு வந்தது. பொங்கல் என்றால் பச்சரிசியில் அல்லவா வைக்க வேண்டும்? "புழுங்கல்ல யாராச்சும் சாமிக்குப் பொங்குவாகளா?" என்றார், அந்த நிலைமையிலும். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே, "முருகனுக்கும் கண்ட்ரோலுதான் அத்தே" என்றாள். வெல்லம் இல்லை, பால் இல்லை, கரும்பு இல்லை. கூரை ஒழுகாத மூலையில் கோலம் போட்டு, ஈர விறகைப் புகைய விட்டு, வெறும் அரிசியும் தண்ணீருமாகப் பொங்கினோம். தண்ணீரை மட்டும் அவள் நிறைய வைத்தாள்.

நுரை ஏறிப் பானை விளிம்பைத் தாண்டியபோது, பழக்கதோஷம், மாமியார் குலவை போட்டார். நாக்கைச் சுழற்றி அவர் குலவை போட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். பாதியில் அது உடைந்தது. குலவை அழுகையாயிற்று, அழுகையை அடக்கித் திரும்பக் குலவை போட்டார், திரும்ப உடைந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவில் அதைக் கேட்ட அக்கம்பக்கம் எல்லாம் ஓடி வந்துவிட்டது. குலவையைக் கேட்டவர்கள் "வந்துட்டாரா? ரங்கூன்காரரு வந்துட்டாரா?" என்று சிரித்த முகமாக நுழைகிறார்கள். அழுகையைக் கேட்டவர்கள் "போயிட்டாரா? சேதி வந்துருச்சா?" என்று மாரில் அடித்துக்கொண்டு நுழைகிறார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து நல்ல சேதியா என்கிறாள், இன்னொருத்தி அக்காவின் தாலியைப் பார்த்து விம்முகிறாள். எல்லாரும் என்னிடம் கேட்கிறார்கள். நான் வந்துவிட்டார் என்பதா, வரவில்லை என்பதா? அக்கா மலை இருந்த பக்கம் திரும்பினாள், மழையில் மலை தெரியவில்லை, தெரியாத மலைக்குத் தீபம் காட்டினாள். பொங்கலின் மேல்தெளிவை வடித்து, உப்புப் போட்டு, ஆற்றி, பால் புகட்டுகிற சங்கில் எடுத்துக் குழந்தையின் வாயில் ஊற்றினாள். நின்றது. இன்னொரு சங்கு ஊற்றினாள். அதுவும் நின்றது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஆளுக்கு ஒரு கவளம் பிரசாதம் வாங்கிக்கொண்டு, எதற்கென்று கேட்காமல் போனார்கள்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு என் வீட்டுக்காரர் இடுப்பு வரைக்கும் சேற்றோடு வந்தார். தலையில் அரிசி மூட்டை. மாமியார் அந்த மூட்டையைப் பார்த்தார். "ஒரு நாளு பொறுத்திருக்கலாமோ?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. அந்த ஒரு நாளைக் குழந்தை தாங்கியிருக்குமா என்பதும் யாருக்கும் தெரியாது. அக்கா மூட்டையைப் பிரித்து அந்தப் பானையிலேயே கொட்டினாள். ஆனால் துணியைக் கட்டவில்லை. ஒரு தட்டைப் போட்டு மூடினாள். யார் வந்து கேட்டாலும் அதிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கடைசிவரை அப்படித்தான். காலையில் ஒரு பிடி போடுவதையும் நிறுத்தவில்லை.

குழந்தை பிழைத்தது. மூத்தார் வரவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு, ரங்கூனிலிருந்து முன்னால் நடந்தும் பின்னால் கப்பலிலும் வந்து சேர்ந்தவர்களை மாமியார் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். ஒருத்தர் மூத்தாரை மாந்தலேயில் நல்ல உடம்போடு பார்த்ததாகச் சொன்னார். இன்னொருத்தர், வரும் வழியில் மழையில் ஒரு மரத்தடியில் காய்ச்சலோடு படுத்திருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். மாமியார் அவரை விடவில்லை. "எந்த மாச மழைப்பா? ஐப்பசியா?" என்றார். "அங்க எப்பவும் மழைதான் ஆத்தா. மாசத்த யாரு கண்டா?" என்றார் அவர். மாமியார் வீடு திரும்புகிற வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அக்காவை அவர் ஒரு சொல் குறை சொன்னது கிடையாது. சொல்லியிருந்தால் தேவலை என்று எனக்கு இருக்கும். சாகிறவரைக்கும் அவர் மனதில் அந்த மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

ஊரார் அக்காவிடம் வந்து சாடையாகப் பேசிப் பார்த்தார்கள். இத்தனை வருடம் ஆகிவிட்டது, செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம், பொட்டையும் தாலியையும் எத்தனை நாளைக்கு வைத்திருப்பாய் என்றார்கள். "அவுக வந்துட்டாகன்னு பொங்கல் வச்சதுக்கு நீங்கதான சாட்சி? வந்து சாப்பிட்டுட்டுத்தான போனீக?" என்பாள். அவள் கிண்டலாகச் சொல்கிறாளா, நம்பிச் சொல்கிறாளா என்று அவர்களுக்குப் புரியாது. கூட இருந்த எனக்கே புரியாது. எழுந்து போய்விடுவார்கள்.

அவள் இறந்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. குளிப்பாட்டுகிற நேரத்தில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுமங்கலிக்குச் செய்வதா, மற்றபடி செய்வதா? ஒருத்தி மஞ்சளை எடுத்தாள், இன்னொருத்தி தடுத்தாள். பெரியவர்களைக் கேளுங்கள் என்றாள் மூன்றாமவள். அந்த வீட்டில் அப்போது நான்தான் பெரியவள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வந்துவிட்டார் என்பதா, வரவில்லை என்பதா என்று அன்றைக்கு மழையில் நின்ற மாதிரியே நின்றேன்.

அவள் மகள் உள்ளேயிருந்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், அவள் தலையிலும் நரை விழுந்துவிட்டது. அம்மாவின் பெட்டியைத் திறந்து கூரைப்புடவையை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மடிப்புக்குள் இந்த மஞ்சள் துணி இருந்திருக்கிறது. "எங்கப்பா வந்துட்டாரு" என்றாள். யாரோ ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். "வந்ததுக்கு வச்ச பொங்கலைத் தின்னு பொழச்சவ நானு. என்கிட்ட யாரு இல்லேன்னு சொல்றது?" என்றாள். குங்குமத்தை அள்ளித் தாயின் நெற்றி நிறைய வைத்தாள். வைத்துவிட்டு, என் மேல் சாய்ந்து அப்படி அழுதாள். துணியை என் கையில் திணித்து, "நீங்க வச்சுக்கங்க சித்தி" என்றாள்.

நேற்றும் உலைக்கு அரிசி அளந்துவிட்டு ஒரு பிடியைத் திரும்ப எடுத்தேன். மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "கீழ இறங்குனா கடை அத்தை. எதுக்கு இது? யாரு வரப்போறாங்க?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். அந்தப் பிடியைத் தனி டப்பாவில் போட்டுவிட்டு மூடினேன்.